புராணம் வாங்கப் போய்த் திருக்கை வாங்கியது

யாழ்ப்பாணப் பட்டணத்தில் எந்தப் பொருளை எங்கே வாங்குவது என்று என்னிடம் வந்து கேட்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். வயது சென்றவன், மூன்று வேளையும் நீறு பூசுகிறவன், பொய் சொல்லமாட்டான் என்று நம்பிக் கேட்கிறார்கள். நானும் சலிப்போடு சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். புடவைக்குப் பெரிய கடை. நகைக்குக் கஸ்தூரியார் வீதி. புத்தகத்துக்கு வண்ணார்பண்ணை. மீனுக்குச் சின்னக்கடை. கடைசியாகச் சொன்னதை மட்டும் சற்று விரைவாகச் சொல்லிக் கடந்துவிடுவேன். கேட்பவர்கள் அதைக் கவனிப்பதில்லை. என் மனைவி கவனிப்பாள். அடுப்படியிலிருந்து ஒரு கனைப்பு வரும்.

பிறந்த நாள் முதல் மரக்கறியன்றி வேறு உணவு அறியாத ஒருவனுக்குச் சின்னக்கடையில் என்ன அலுவல் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே நான் ஒரேயொரு முறைதான் பொருள் வாங்கியிருக்கிறேன். அதுவும் ஏலத்தில். (மலிவாகவும் அல்ல.)

அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. பெரிய யுத்தம் இரண்டாம் முறை மூளுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு. மானிப்பாய்க்கு அண்மையிலுள்ள எங்கள் ஊர்ப் பாடசாலையில் ஆசிரியனாக இருந்தேன். பக்திப் பாடல்கள் பல நூறு எனக்கு மனப்பாடம். மனப்பாடமானவை எல்லாம் மனத்திலும் இறங்கிவிட்டன என்று நம்புகிற வயது அது. அந்த ஐப்பசியில் ஆறு நாட் சஷ்டி விரதம் வந்தது. ஊரில் எல்லாரும் பட்டினி கிடந்தார்கள். எல்லாரும் கிடக்கும் பட்டினியையே நானும் கிடந்தால், அத்தனை பேருக்குள் என்னை இறைவன் எப்படி அடையாளங் காண்பார்? ஆகையால், “ஆறு நாளும் இறைவன் புகழைப் பாடுவதன்றி வேறொரு சொல்லும் என் நாவில் வராது, எழுதிக் காட்டுவதும் பேச்சே ஆதலால் எழுதவும் மாட்டேன்” என்று கோயில் மண்டபத்திலே, ஆட்கள் போதிய அளவு கூடியிருக்கும் நேரம் பார்த்து, சங்கற்பம் செய்துகொண்டேன்.

“ஏன் மோனை, பேந்து உனக்கு என்ன வேணுமெண்டு நான் எப்பிடி அறியிறது?” என்று அம்மா கேட்டார்.

நான் ஒரு பாடல் பாடினேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டு எழுந்து போனார்.

எங்கள் பக்கத்துக் கோயில்களில் விரத நாட்களிற் புராணம் படிப்பது வழக்கம். ஒருவர் செய்யுளை இசையோடு படிப்பார். அருகில் இருப்பவர் அதற்குப் பயன் சொல்லுவார், அதாவது பொருளை விரித்துரைப்பார். எங்கள் கோயிலிற் பயன் சொல்லுபவர் கதிரேசுச் சட்டம்பியார். அந்நாளில் ஊர் வாத்தியாரை நாங்கள் சட்டம்பியார் என்போம். நாற்பது ஆண்டுகள் சொல்லிச் சொல்லி, ஒரு செய்யுள் காதில் விழுந்தால் அதற்கு உரை அவர் வாயிலிருந்து தானாக வரும் என்ற நிலையை அவர் அடைந்திருந்தார். கிணற்றடியில் யாராவது பாடினாலும் வேலிக்கு இப்பால் நின்று பயன் சொல்லிவிட்டுத்தான் அப்பாற் போவார்.

அவருக்குப் பொன்னம்மா என்று ஒரு மகள். எங்கள் இருவருக்கும் சம்பந்தம் பேசி, சாதகமும் பொருந்தி, காரியம் சட்டம்பியாரின் ஒரு சொல்லுக்காக நின்றது. அந்தச் சொல்லை அவர் என் சங்கற்பத்துக்குப் பின் சபையிலேயே சொன்னார்.

“தம்பி ஆறு நாளும் நாவைக் காக்கட்டும். காத்தால் கடைசிநாட் படிப்பு அவருக்கு. பேந்து மற்றக் காரியமும் கதைப்பம்.”

மற்றக் காரியம் என்று அவர் சொன்ன கணத்திலே, பெண்கள் இருந்த பக்கத்தில் ஒரு வளையல் ஒலித்தது. (அது வேறு யாருடைய வளையலோ என்று பிற்காலத்தில் எனக்கு உறுதியாக அறிவிக்கப்பட்டது.)

நான்கு நாட்கள் காத்தேன். ஐந்தாம் நாட் காலையிற் கோயிற் புத்தகத்தைத் திறந்தபோது, கடைசிப் படலம் முழுவதையும் கறையான் எங்களுக்கு முன்பே படித்து முடித்திருந்தது. சட்டம்பியார் ஒரு துண்டுக் கடதாசியில் நூலின் பெயரையும், வண்ணார்பண்ணைக் கடையின் பெயரையும் எழுதிப் பணத்தோடு என் கையில் வைத்தார்.

“பட்டணத்துக்குப் போய்ப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு பொழுதுபட முன்னம் வாரும். துண்டைக் காட்டினாற் காணும். நீர் வாய் துறக்கத் தேவையில்லை.”

பஸ்ஸில் ஏறினால் எங்கே போவது என்று கேட்பார்கள். ஆகவே நடந்தேன். ஐந்து நாட் பட்டினியோடு, முதல்நாள் மழையிற் சேறாகிக் கிடந்த தெருவில், ஐந்து மைல். அதற்கு முன் நான் பட்டணம் போனது மூன்று முறைதான். மூன்று முறையும் மாமாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தவன் ஆதலால், மாமாவின் முதுகைத் தவிர வேறு அடையாளம் எதுவும் எனக்குத் தெரியாது. பட்டணத்துக்குள் நுழைந்ததும், நல்ல மனிதராகத் தோன்றிய ஒருவரை மறித்துத் துண்டைக் காட்டினேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்து, மிகுந்த கவனத்தோடு பார்த்தார்.

“ஓ, உதுவோ? நேரை போய்ச் சோத்தாங்கைப் பக்கம் திரும்பும். சனம் நிக்கும்.”

போனேன். சனம் நின்றது.

கிடுகால் வேய்ந்த ஒரு பெரிய கொட்டில். அதற்குள்ளே ஆட்கள் நெருங்கி நின்றார்கள். எனக்கு முதுகுகளே தெரிந்தன. இது வழக்கமானதுதான். கடல் வாடை பலமாக அடித்தது. பட்டணம் கடலோரத்தில் இருக்கிறது, வாடை அடிக்கத்தானே செய்யும் என்று என் மூக்கைச் சமாதானப்படுத்தினேன். அப்போது அந்த முதுகுகளுக்கு அப்பால் ஒரு கைமணி ஒலித்தது. விட்டுவிட்டு அல்ல, தொடர்ந்து, பூசையிலே தீபம் காட்டும்போது ஒலிப்பது போல. கூடவே ஒருவர் உரத்த குரலில் ஏதோ ஒன்றை இராகம் போல நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பசியால் மங்கிய என் மனத்துக்கு இது ஒரு கோயில் என்பதிலும், உள்ளே பூசை நடக்கிறது என்பதிலும் ஐயமே எழவில்லை. மணி ஒலித்தால் எங்கள் கைகளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். கண்களை மூடினேன். இரு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்திக் குவித்தேன். மணி நிற்கும்வரை அவற்றை இறக்குவதில்லை என்பது என் வழக்கம். (அதற்கு முன்பே இறக்குபவர்களை நான் உள்ளூர இகழ்ந்தும் வந்தேன்.)

மணி நிற்கவில்லை. நீட்டிச் சொல்லும் குரல் மேலே மேலே போயிற்று. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பக்தி மேலிடுகிறது என்று எண்ணி நானும் கைகளை இன்னுங் கொஞ்சம் உயர்த்தினேன்.

மணி நின்றது. கண்களைத் திறந்தேன். முதுகுகள் எல்லாம் முகங்களாகத் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. நடுவே வழி விட்டிருந்தார்கள். அந்த வழியின் முடிவிலே, நான் தீபத்தை எதிர்பார்த்த இடத்திலே, சுளகைப்போல் இரண்டு மடங்கு அகலத்தில் ஒரு திருக்கை மீன் கிடந்தது.

“ஐயாவுக்குத்தான்!” என்றார் மணியை வைத்திருந்த ஏலகாரர். “இண்டைக்கு இறங்கினதிலை உதுதான் பெரிசு.”

எனக்கு முன்னால் நின்ற தடித்த வியாபாரி ஒருவர் வெறுப்போடு சால்வையை உதறித் தோளில் இட்டார். “ரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு கேக்கிற ஆளோடை ஆர் போட்டி போடுறது? நான் ஒரு கைக்காரன்.”

அங்கே கையை உயர்த்தியவன் அதை இறக்கும்வரை விலையில் நிற்கிறான் என்பது முறையாம். அதை அப்போது அங்கே எனக்குச் சொன்னவர் எவருமில்லை, சொல்லவேண்டியதாகவும் இருக்கவில்லை.

மீனின் பக்கத்தில் நின்ற நடுவயதுப் பெண் என்னை நோக்கி மலர்ந்த முகத்தோடு வந்தாள். திரேசம்மா என்று எல்லாரும் அவளை அழைத்தார்கள். கழுத்தில் ஒரு சிலுவை.

“என்ரை மனிசன் பிடிச்சது, ஐயா. நல்ல பச்சை மீன். பிள்ளை பெத்தவைக்குக் குடுத்தாற் பால் சுரக்கும். வீட்டிலை பிள்ளைப்பேறோ?”

இல்லை என்று தலையை அசைத்தேன்.

“அப்ப இனித்தானோ?”

அதற்கு எந்தப் பக்கம் அசைப்பது என்று தெரியவில்லை. வேண்டாம், வேண்டாம் என்று இரு கைகளையும் விரித்து ஆட்டினேன்.

“பாத்தியளே!” என்றார் தடித்த வியாபாரி. “ஏத்திவிட்டுப் போட்டு இப்ப வேண்டாமாம். அவர் விட்டால் நானும் எடுக்கமாட்டன். முந்திக் கேட்ட விலையும் இனி இல்லை.”

திரேசம்மாவின் முகம் விழுந்ததை நான் கண்டேன். “விடிய முன்னம் மழைக்கை நிண்டு பிடிச்சதையா,” என்றாள், மெல்ல.

ஒரு சொல். ‘தவறிவிட்டது, மன்னியுங்கள்’ என்று ஒரேயொரு சொற்றொடர் போதும். எல்லாரும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் அந்தச் சொற்றொடரோடு மறுநாட் படிப்பும் போய்விடும், பொன்னம்மாவும் போய்விடுவாள். ஆகவே எனக்கு அனுமதிக்கப்பட்டிருந்த ஒரேயொரு மொழியில் விளக்கம் அளித்தேன். பிறவிக்கடலில் அமிழ்கின்ற என்னைக் கரையேற்றுவாய் என்று இறைவனை இரக்கும் ஒரு பழம் பாடலை, உரிய பண்ணில், அந்தக் கொட்டில் முழுவதும் கேட்கப் பாடினேன்.

சின்னக்கடை அமைதியாயிற்று. ஒரு கிழவர் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும் ஏலகாரர், “கடற்பாட்டு. நல்ல சாரீரம்,” என்று மனமாரப் புகழ்ந்தார். பின்பு கையை நீட்டினார். “ஆனாற் பாட்டுக்கு விலையிலை கழிவு இல்லை, ஐயா.”

புராணத்துக்காகக் கொண்டுவந்தது திருக்கைக்குப் போயிற்று. திரேசம்மா பனையோலைப் பையான உமல் ஒன்றில் மீனை மடித்து வைத்துக் கட்டி, நான் தொடத் தயங்குவதைக் கண்டு பிடியிலே ஒரு கயிறும் சுற்றித் தந்தாள். மீனை நான் தொடவில்லை. கயிற்றைத்தான் தொட்டேன் என்பதை இதை வாசிப்பவர்கள் கருணையோடு கணக்கில் எடுக்கவேண்டும்.

பட்டணத்துக் கடைத்தெருக்களை நான் முழுமையாகக் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான். பெரிய கடையிற் புடவைக் கடைக்காரர்கள் வழிப்போக்கர்களைக் கைப்பிடித்து உள்ளே அழைப்பார்கள். என்னைக் கண்டு பட்டுப்புடவைகளை உள்ளே இழுத்தார்கள். கஸ்தூரியார் வீதியில் நகை செய்துகொண்டிருந்த ஒரு பத்தர் ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, என் நெற்றியைப் பார்த்தார், உமலைப் பார்த்தார், மீண்டும் நெற்றியைப் பார்த்தார். நான்கு பூனைகள் என்னைப் பின்தொடர்ந்தன. ஏன் வழியில் எறிந்துவிடவில்லை என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எறிய முயன்றேன். ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு நல்ல மனிதர், “ஐயா, உமல் விழுந்து போச்சு!” என்று எடுத்து வந்து கையில் தந்தார். யாழ்ப்பாணத்தார் அவ்வளவு நேர்மையானவர்கள் என்பதை நான் அதற்குமுன் அறிந்திருக்கவில்லை.

வாசலிற் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்த கடையை ஒருவாறு கண்டுபிடித்தேன். முதற் படியிற் கால் வைத்ததும் உள்ளேயிருந்து முதலாளியின் குரல் வந்தது.

“உங்கை நில்லும்! ஏறவேண்டாம்! உமலுக்குள்ளை என்ன காணும்?”

நின்றேன். அப்போதுதான், உள்ளே ஒரு வாங்கில் அமர்ந்து தாள் புரட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். கதிரேசுச் சட்டம்பியார்.

நான் புறப்பட்ட பின்னர்தான் அந்த நூலுக்கு இரண்டு பதிப்புகள் உண்டு என்பது அவருக்கு நினைவு வந்ததாம். எது வேண்டும் என்று கடைக்காரர் கேட்டால் நான் பாடத் தொடங்கிவிடுவேன் என்று அஞ்சி, பஸ் ஏறி எனக்கு முன்பே வந்துவிட்டார்.

“வாரும் தம்பி, உம்மைத்தான்…” என்று தொடங்கியவரின் பார்வை கீழே இறங்கியது. உமலின் வாயிலிருந்து ஒரு முழ நீளத்துக்குக் கரிய வால் ஒன்று தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. சட்டம்பியார் எழுந்தார். விரதத்தின் ஐந்தாம் நாள், அவருடைய மகளுக்குப் பேசின மாப்பிள்ளை, புராணத்துக்குப் போனவன், கையில் மீன்.

“என்ன உது?”

என் வாழ்நாளில் அதற்கு முன்னும் பின்னும் அத்தகைய ஓர் இக்கட்டில் நான் நின்றதில்லை. பேசினால் விரதம் குலையும், படிப்புப் போகும். பேசாவிட்டால் மீன் தின்னி ஆவேன், பொன்னம்மா போவாள். வேறு வழியின்றி வாயைத் திறந்தேன். பட்டினியில் எனக்கு நினைவிலிருந்த நூற்றுக்கணக்கான பாடல்களும் மறைந்து போய், சின்னக்கடையிற் பாடிய அதே பாடல்தான் மீண்டும் வந்தது.

நான் கடைசி அடியை முடிக்கவும், நாற்பது ஆண்டுப் பழக்கம் சட்டம்பியாரை ஆட்கொண்டது. கோபத்தோடு நின்றவர் அப்படியே பயன் சொல்லத் தொடங்கினார்.

“அதாவது, கரைகாணாத கடலிலே கிடந்து வருந்துகின்ற ஓர் உயிரானது, எம்பெருமானே, நீ இரங்கிக் கைகொடுத்து என்னைக் கரையேற்றுவாயாக என்று…” சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். உமலைப் பார்த்தார். “கரையேற்றுவாயாக என்று…”

கடைக்காரரும் உமலைப் பார்த்தார்.

சட்டம்பியாரின் முகம் மெல்ல ஒளி பெற்றது. “ஆனால், முதலாளி, மீனுக்குக் கரையேறுறது முத்தியில்லை. இறங்கிறதுதான் முத்தி. பிள்ளை உதைக் கண்டு மனம் பொறுக்காமல், மீட்டுக்கொண்டு வந்திருக்கிறார்! கடலிலை விடுறதுக்கு!”

“அப்ப உயிரோடையோ இருக்குது?” என்று கேட்டார் கடைக்காரர். வியாபாரிகளுக்கு இப்படிப்பட்ட கேள்விகள் எழும்.

“உயிர் எங்கை போகும்? ஆன்மா நித்தியம்,” என்றார் சட்டம்பியார், சற்றுக் கண்டிப்போடு.

புத்தகத்தை அவரே வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். “எந்தக் கரையிலை பிடிச்சதோ அந்தக் கரையிலைதான் விடவேணும். நடவும்.” வந்த வழியே திரும்பி நடந்தோம். கஸ்தூரியார் வீதிப் பத்தர் மறுபடியும் ஊதுகுழலை எடுத்தார். பூனைகள் இப்போது ஆறு.

சின்னக்கடைக்குப் பின்னாலுள்ளது பரவைக்கடல். நெடுந்தூரத்துக்கு முழங்காலளவு தண்ணீர்தான். சட்டம்பியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, புத்தகத்தைத் தலைக்கு மேலே பிடித்தபடி முன்னால் இறங்கினார். நான் உமலை அவிழ்த்துக் கவிழ்த்தேன். திருக்கை தண்ணீரில் விழுந்து, தன் வெண்மையான வயிற்றை வானத்துக்குக் காட்டிக்கொண்டு அசையாமற் கிடந்தது. அதனிடம் அதற்கு மேல் எதையும் யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. சட்டம்பியார் காலால் மெல்லத் தள்ளிவிட்டார். அது திரும்பி வந்தது.

“என்ரை ஆண்டவரே!” என்று கரையில் ஒரு கூக்குரல். வெறுங்கூடையோடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த திரேசம்மா. “அம்மாடி, மீனை எறியிறாங்கள்! இவ்வளவு விலை குடுத்து எடுத்ததை எறியிறாங்கள்! ஐயா பெரியவர், உவர் உங்கடை பெடியனோ? காலமை ஏலத்திலை மணியடிக்க, கண்ணை மூடிக்கொண்டு, சாமி கும்பிடுறமாதிரி ரண்டு கையையும் தூக்கினவர் இறக்கவேயில்லை. கேட்டால் ஒரு கதையுமில்லை, பாட்டு! எறியிறதெண்டால் என்னட்டைச் சொல்லியிருக்கலாமே, என்ரை மனிசன் பிடிச்ச உடனையே எறிஞ்சிருப்பார்!”

நான் கண்களை மூடிக்கொண்டேன். (கைகளை மட்டும் உயர்த்தவில்லை.)

சட்டம்பியார் தலைக்கு மேலே பிடித்திருந்த புத்தகத்தை மெல்ல இறக்கிக் கக்கத்தில் வைத்தார். பின்பு மிகுந்த நிதானத்தோடு, “ஓம் பிள்ளை, அது ஒரு நேர்த்திக்கடன்,” என்றார். “விட்டாச்சு. இனி அது கடலின்ரை மீன். ஆரும் பிடிக்கலாம்.” சொல்லிவிட்டுப் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். திரேசம்மா ஒரு கணம் யோசித்தாள். அடுத்த கணம் தண்ணீரில் இறங்கி, வாலின் முள்ளுக்கு விலகி நின்று சிறகைப் பற்றி இழுத்தாள்; அன்றைக்கு இரண்டாம் முறையாக அந்தத் திருக்கை கரையேறியது.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் சட்டம்பியார் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு இருந்தார். அவருடைய தோள்கள் இரண்டொரு முறை குலுங்கின. தாங்கமுடியாத துயரம் என்று நான் விளங்கிக்கொண்டேன். மறுநாள் நான் படித்தேன். அவர் பயன் சொன்னார். தை மாதத்திற் கலியாணம் நடந்தது. அதன்பின் பல ஆண்டுகள், சீவகாருண்ணியத்தைப் பற்றிய செய்யுள் எப்போது வந்தாலும், தம் மருமகன் ஒரு மச்சத்தை மீட்ட கதையைச் சபையிற் சொல்லி, கேட்பவர்களின் கண்களை நனையவைத்தார். நான் மண்டபத்துத் தூணைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

அவர் இறைவனடி சேர்ந்த ஆண்டிலேதான், இனியும் தாங்காது என்று பொன்னம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். உன் தகப்பனாரை ஏமாற்றிக் கலியாணம் செய்துவிட்டேன் என்றேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

“ஆர், அப்பாவையோ? அந்த மனிசி கரையிலை நிண்டு கத்தினவுடனையே அவருக்கு எல்லாம் விளங்கிப்போச்சு. அண்டைக்கு வீட்டை வந்து கதவைச் சாத்திப்போட்டுச் சிரிச்ச சிரிப்பிலை அம்மா பயந்து போனா.”

“அப்படியானால் ஏன் உன்னைத் தந்தார்?”

“நானும் கேட்டனான். ‘பிள்ளை, ஏலகாரன் மறிச்சும் வாய் துறக்கேல்லை; என்னைக் கண்டு நடுங்கியும் வாய் துறக்கேல்லை. உன்ரை வாய்க்கு உப்பிடி ஒரு ஆள்தான் தாங்கும்’ எண்டவர்.”

அதற்கு நான் மறுமொழி சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்று அறிந்தபின் என்ன சொல்வது?

இப்போது எனக்குப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உண்டு. எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும், என்னைத் தவிர எல்லாரும் இதை நன்றாகச் சொல்லுவார்கள். வெள்ளிக்கிழமைகளில் நானும் பொன்னம்மாவும் கோயிலுக்குப் போகிறோம். மணி ஒலிக்கும், தீபம் காட்டுவார்கள், நான் கண்களை மூடி, இரு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்துவேன். கொஞ்ச நேரத்தில், பெண்கள் நிற்கும் பக்கத்திலிருந்து, பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கக்கூடிய ஒரு மெல்லிய குரல் வரும்.

“காணும், கையை இறக்குங்கோ. விலை ஏறுது.”

நான் இறக்கிவிடுவேன்.